கடுகு கேப்டனும் இரண்டு கையேடுகளும்

அவருக்குக் கடுகு என்று பெயர் வைத்தது விமானப் பயிற்சிப் பள்ளியில் கூடப் படித்தவர்கள். ஆள் குள்ளம்; சூடு பட்டால் வெடிப்பார். தலை நரைத்து, தோளில் நான்கு பொன்கோடுகள் ஏறிய பிறகும் அந்தப் பெயர் விடவில்லை. முகத்துக்கு நேரே கேப்டன், முதுகுக்குப் பின்னால் கடுகு. அது அவருக்கும் தெரியும். யாராவது பின்னால் குசுகுசுத்தால், "சத்தமாவே சொல்லுங்கப்பா, என் காது நல்லாத்தான் இருக்கு" என்பார்.

அவர் வேலை செய்தது சின்ன நிறுவனம். கையில் எண்ணிவிடக்கூடிய விமானங்கள் இருந்தபோதே சேர்ந்தவர். அந்த நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று விழுங்கியது. மேலிடத்தில் அதற்கு 'இணைப்பு' என்று பெயர். கேக் வெட்டினார்கள். விமானங்களுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். விமானிகளுக்கோ புதுக் கையேட்டைக் கணினியில் அனுப்பி, வீட்டிலேயே படித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்தில் 'புரிந்தது' என்ற பொத்தானை அழுத்திவிட்டால் பயிற்சி முடிந்தது. சிமுலேட்டர், அதாவது தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் அறை, பழையவர்களுக்குத் தேவையில்லையாம். "அனுபவசாலிகள்தானே" என்று சுற்றறிக்கை அவர்கள் தலையில் ஐஸ் வைத்தது.

"அனுபவம்தான் இங்க பிரச்சினையே!" என்று சாப்பாட்டு மேசையில் பொரிந்தார் கடுகு. "விமானம் அதேதான். ஆனா யார் எதைத் தொடணும், யார் எப்போ வாயைத் திறக்கணும், எல்லாத்தையும் மாத்திட்டாங்க. நாளையிலேருந்து ஊசியை இடது கையில பிடிங்கன்னு உங்ககிட்ட சொன்னா பிடிப்பீங்களா?"

கணவர் பல் மருத்துவர். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "பேஷண்ட் சரின்னு சொன்னா பிடிக்கலாம்" என்றார்.

"பேஷண்ட்கிட்ட யாரும் கேக்கலையே!"

கணவர் தண்ணீர்க் குவளையை மனைவி பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த மாதமே வந்தது வினை. காற்று தாறுமாறாக அடித்த ஒரு மதியம். பக்கத்து இருக்கையில் பெரிய நிறுவனத்து கோ-பைலட். நாற்பதைத் தாண்டிய, அடர்ந்த மீசைக்காரர். அன்று ஓட்டியது அவர், உதவியது கடுகு. ஓடுபாதைக்கு மிக அருகில் வந்தபோது காற்று விமானத்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. மீசைக்காரர் சரியான முடிவைத்தான் எடுத்தார். "கோ அரவுண்ட்!" என்று குரல் கொடுத்து, இறங்காமல் மேலே ஏற்றினார்.

இறக்கையின் பின்விளிம்பில் ஃப்ளாப் என்று ஒரு பலகை உண்டு. வேகம் குறையும்போது விமானத்தைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். மேலே ஏறத் தொடங்கும்போது அதை ஒரு படி மட்டும் மடக்க வேண்டும். சின்ன நிறுவனத்தில் 'கோ அரவுண்ட்' என்ற சொல் காதில் விழுந்தாலே உதவுகிறவர் மடக்கிவிடுவார். தனியாக யாரும் சொல்ல மாட்டார்கள். கடுகின் கை மடக்கியது. பெரிய நிறுவனத்துக் கையேட்டில் ஓட்டுகிறவர் கட்டளை இட்ட பிறகுதான் மடக்க வேண்டும். மீசைக்காரர் முறைப்படி, "ஃப்ளாப் ஒரு படி" என்றார். அதே கை, புதிதாகப் படித்த பாடப்படி, இன்னொரு படி மடக்கியது.

விமானம் காலடியில் தொய்ந்தது. எச்சரிக்கைக் குரல் அலறியது. பின்னால் யாரோ வீறிட்டார்கள்.

"கேப்டன், ஃப்ளாப்!"

கடுகு லீவரை ஒரு படி திருப்பித் தள்ளினார். மீசைக்காரர் விமானத்தின் மூக்கை இழுத்து நிமிர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சமமாகப் பிடித்தார். ஓடுபாதை ஓரத்துப் புல் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு இறங்கி, பிறகு மனசில்லாமல் மேலேறியது விமானம். அடுத்த சுற்றில் பத்திரமாக இறங்கினார்கள்.

கடைசிப் பயணியும் போன பிறகு கடுகு வெடித்தார். "எதுக்கு ரெண்டு தடவை சொன்னீங்க?"

"ஒரே தடவைதான் சொன்னேன், கேப்டன்."

அவர் சொன்னது உண்மை. கை ஒன்றுதான், அதற்குள் இரண்டு கையேடுகள். மடியில் கிடந்த அந்தக் கையைக் கடுகு வெறித்துப் பார்த்தார். யாருடையதோ போல இருந்தது. "மன்னிச்சிடுங்க. உங்க மேல தப்பில்ல" என்றார். நடந்ததை ஒளிக்காமல் அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்தார்.

பயிற்சித் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய நிறுவனத்தில் பேர்போன விமானி. துரும்பு கூட இல்லாத மேசை.

"கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சிடலாம், மேடம். உங்களுக்கு மட்டும் ரெண்டு நாள் பயிற்சி. பெரிசு பண்ண வேணாம்."

"என் கைதான் செஞ்சது, இல்லைங்கல. ஆனா எனக்கு மட்டும் பயிற்சின்னா, மத்தவங்க கையெல்லாம் என்ன மரத்துல செஞ்சதா? எங்க பக்கத்து ஆளும் உங்க பக்கத்து ஆளும் தினம் ஒண்ணா பறக்கிறாங்க, சார்."

"படிச்சேன், புரிஞ்சதுன்னு அழுத்தியிருக்கீங்களே?"

கடுகுக்கு உச்சந்தலை வரை சுரீர் என்று ஏறியது. இருந்தும் கத்தவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் அந்தக் குரலுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

"அப்படின்னா நீங்க எங்க பழைய கையேட்டைப் படிச்சிட்டு வாங்க. சிமுலேட்டர்ல என் பக்கத்துல உக்காருங்க. நான் ஓட்டுறேன், நீங்க உதவுங்க. சரியா செஞ்சுட்டா, நீங்க நீட்டுற எதுலயும் கையெழுத்துப் போடுறேன்."

அவர் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானே?"

அந்த வார இறுதியில், வேடிக்கை பார்க்க வந்த விமானிகளால் சிமுலேட்டர் கட்டுப்பாட்டு அறையில் கால் வைக்க இடமில்லை. மீசைக்காரரும் வந்து ஓரமாக நின்றார். தன் பக்கத்து ஆள்களே முறைத்தும் அவர் நகரவில்லை.

பொய் ஓடுபாதை நெருங்கியது. பொய்க் காற்று தள்ளியது. "கோ அரவுண்ட்!" என்றார் கடுகு.

பயிற்சித் தலைவரின் கை லீவரிடம் போய் நின்றது, கட்டளைக்காக. கட்டளை வரவில்லை, பழைய கையேட்டில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. சட்டென்று நினைவு வந்து, பதறி, ஒரே இழுப்பில் இரண்டு படி மடக்கிவிட்டார். தரை திரை முழுக்க எழுந்து வந்தது. திரை சிவந்து, உறைந்து நின்றது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இப்பத்தானே படிச்சேன்..." என்று இழுத்தார்.

"நானும் இப்பத்தான் படிச்சேன், சார்."

வெளியே யாரோ சிரித்தார்கள். கடுகு திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. "இதுல சிரிக்க என்ன இருக்கு? பின்னாடி ஆளுங்களோட நாங்க இந்த இடத்துக்குப் போயிட்டு வந்தோம்."

அடுத்த மாதம் இரு பக்கத்து விமானிகளையும் ஜோடி சேர்த்து சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள். மேலிடத்தின் தொலைநோக்கு முடிவு என்றது சுற்றறிக்கை. கடுகைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதற்காக அவர் வருத்தப்படவில்லை. ஆனால் அவருடைய கோப்பில் பயிற்சித் தலைவர் 'கவனக்குறைவு' என்று எழுதியது எழுதியபடியே கிடந்தது. அதுதான் ஆறவில்லை.

பயிற்சி முடிந்து மீண்டும் பறக்க வந்த முதல் நாள், புறப்படும் முன் மீசைக்காரர், "ஃப்ளாப், நான் சொன்ன பிறகுதான், கேப்டன்" என்றார், கொஞ்சம் பயந்துகொண்டே.

"சொல்லுங்க. காது கொடுத்துக் கேக்குறேன்" என்றார் கடுகு, இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு.

பயிற்சித் தலைவரை எங்கே பார்த்தாலும், யார் கூட இருந்தாலும், கடுகு நிறுத்தி, கோப்பிலிருந்து அந்த வார்த்தையை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கிறார். "பார்க்கலாம் மேடம்" என்பார் அவர். இப்போதெல்லாம் விமானிகள் ஓய்வறை இருக்கும் பக்கம் அவர் வருவதில்லை. பின்படிக்கட்டு வழியாகத்தான் போகிறார். கடுகுக்கு அது தெரிந்துவிட்டது. தேநீரை எடுத்துக்கொண்டு இப்போது அங்கேதான் நிற்கிறார்.