கண்ணாடி அறையில் இரண்டாவது மூச்சு

இது கட்டுக்கதை அல்ல. என் இரண்டு காதாலும் கேட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். ஈ தும்மினால் அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும் காது இது. என் மனைவி மட்டும், "நீங்க சொல்றதுல பாதி புளுகு" என்பாள். எந்தப் பாதி என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று விளக்கை அணைக்காமல் படுங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

நான் சொல்லப்போகும் ஆள் பெரிய மலையேறி. மனிதக் கால் படாத பனிச்சிகரங்கள், வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்த பள்ளத்தாக்குகள், எல்லாவற்றையும் மிதித்துவிட்டு வந்து புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர். பத்திரிகைகள் 'பனிச்சிங்கம்' என்று பட்டம் கொடுத்திருந்தன. நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'சிங்கம்' என்போம். ஆறடி உயரம், நான் சொன்னால் ஏழடி. விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். தன் கடைசிப் பயணப் புத்தகத்தைத் தன் குரலிலேயே ஒலிநூலாக்க வந்திருந்தார்.

கூடவே மனைவியும் வந்தார். அந்த அம்மாளுக்குச் சிங்கம் இரண்டாவது கணவர். முதல் கணவர் சிங்கத்தின் உயிர்த்தோழர். இருவரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறியவர்கள். அந்தக் கடைசிப் பயணத்தில் தோழர் திரும்பவில்லை. சிங்கம் திரும்பியது. மறுவருடம் கல்யாணம்.

சிங்கம் கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால். நானும் அம்மாளும் வெளியே, இயந்திரத்தின் முன்னால்.

"நீங்க வீட்லயே நிம்மதியா கேட்டிருக்கலாமேம்மா," என்றேன், டீயை நீட்டி.

"படிச்சாச்சுங்க. இவர் வாயால சொல்றப்போ குரல் நடுங்குதான்னு பாக்கணும். ஒம்பது வருஷமா கேக்கறேன். 'ஒரு நொடிதான், வலியே இல்ல'ன்னு ஒரே பதில்."

பிற்பகல் 3.10. சிங்கம் படித்தார்.

"மாலை நான்கு மணிக்கு என் நண்பன் பனிப்பிளவில் விழுந்தான். கயிறு அறுந்தது. அந்த நொடியே அவன் இறந்துவிட்டான். அன்றிரவு கூடாரத்தில் தனியாகப் படுத்திருந்தேன். விடியவிடியக் காற்று கூடாரத் துணியைச் சுரண்டிக்கொண்டிருந்தது."

குரல் நடுங்கவில்லை. வெண்ணெய்.

ஆனால் என் ஹெட்போனில்... சர்ர்ர்... சர்ர்ர்...

"சார், ஏதோ உரசுது. சட்டையா பாருங்க."

சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டார். மறுபடி படித்தார். அதே வரி. அதே சர்ர்ர்... வயரை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். மூன்றாம் முறையும் அதே வரியில் அதே ஒலி.

"யோவ், மெஷினப் பாக்கறியா, தூங்கறியா?" என்று சிங்கம் கர்ஜித்தது. "காது குப்பைத்தொட்டி ஆயிடுச்சா உனக்கு?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படித்து முடித்தவரை அசையாமல் உட்காரவைத்து, அந்த அறையின் வெறும் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வோம். பின்னால் வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். அந்த உரசலை வெட்டியெடுக்கவும் அதுதான் வழி.

"சார், ஒரு நிமிஷம் சும்மா உக்காருங்க."

3.26. சிவப்பு விளக்கு எரிந்தது.

மூச்சு கேட்டது. மூக்கு வழியாக, தடிமனாக. சிங்கத்தினுடையது.

இன்னொரு மூச்சும் கேட்டது.

தரையோரமாக... கிழிந்து கிழிந்து...

பிறகு இருமல். சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

அம்மாள் இன்னொரு ஹெட்போனை மாட்டியிருந்தார். டீ உதட்டருகே நின்றுவிட்டது.

"அது அவர் இருமல்," என்றார்.

"சிங்... சார் இருமலா?"

"இவர் இல்ல. மொதல்ல இருந்தவர்."

சர்ர்ர்... சர்ர்ர்...

"டேய்... ஜிப்பைத் திறடா..."

சிங்கத்தின் காதிலும் ஹெட்போன் இருந்தது. எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. கண்ணாடி உள்பக்கம் வெளுத்தது. பனி. சத்தியமாகப் பனி.

அவர் கதவைத் தள்ளினார். நான் வெளியிலிருந்து இழுத்தேன். இரும்புப் பிடியில் என் தோல் ஒட்டிக்கொண்டது.

"கதவத் தெறய்யா! தெற!"

தொம். தொம். தொம்.

"ஒரு கை குடுங்கம்மா!" என்று அலறினேன்.

அம்மாள் எழவில்லை. உள்ளே பேசும் பொத்தானை அழுத்தினார்.

"அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?"

"காத்து... வெறும் காத்துடி... தெறக்கச் சொல்லுடி!"

"அப்ப இதுவும் காத்துதான்."

பொத்தானை விட்டார்.

டீயைக் குடித்தார்.

தொம்...

தொ...

3.41. கதவு தானாகத் திறந்தது.

உள்ளே வெப்பமானி இருபத்து நான்கு டிகிரி காட்டியது. சிங்கம் முழங்காலில் உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. கைவிரல் பத்தும் பனியில் உறைந்ததுபோல் கரிக்கட்டை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்து, "எந்த மலையிலேருந்து கொண்டு வர்றீங்க?" என்றார். "ரெண்டாவது மாடியிலேருந்து," என்றேன். பத்தையும் எடுத்துவிட்டார்கள். இனி ஏறவும் முடியாது, எழுதவும் முடியாது.

இப்போது அம்மாள்தான் ஊட்டிவிடுகிறார். பார்க்கப் போயிருந்தேன். பார்க்காமல் விடுவேனா? கரண்டியை வாய்வரை கொண்டுபோய் நிறுத்துகிறார். "என்ன நடந்துச்சு?" சிங்கம் பேசுவதில்லை. கரண்டி தட்டுக்குத் திரும்புகிறது. ஏழடி ஆள் இப்போது நாலடி. மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்தார் அந்த ஒலியை வெட்டாமலே ஒலிநூலை வெளியிட்டார்கள். காற்றின் ஓசை பிரமாதம் என்று பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன.

அந்த அறையில் நடந்தது என்ன? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு கோடை கழித்து ஒரு செய்தி வந்தது. அந்த மலையில் பனி உருகி, ஏறப்போன குழு ஒன்று தோழரின் உடலைக் கண்டெடுத்திருந்தது. பனிப்பிளவுக்குள் அல்ல. பழைய கூடார முளைகளுக்கு ஓரடி தள்ளி, மண்டியிட்டபடி. நகம் ஒன்றுகூட இல்லை. இடதுகை மூடியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கூடார ஜிப்பின் பிடி. வெளிப்பக்கப் பிடி.

மணிக்கட்டில் தேதி காட்டும் கடிகாரம். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும் வகை. கயிறு அறுந்தது ஒன்பதாம் தேதி. கடிகாரம் நின்றிருந்தது பதின்மூன்றாம் தேதியில்.

சிங்கம் கூடாரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கியது, அவரே எழுதியிருக்கிறார், பத்தாம் தேதி காலையில்.