சீசன் தொண்டை

மார்கழி பிறந்துவிட்டால், என் அண்ணாவின் மனைவி, மன்னி, ஒரு கையில் வெந்நீர் டம்ளரும் மறு உள்ளங்கையில் ஒரு மாத்திரையுமாக அடுக்களையில் நின்ற கோலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பாதி சிவப்பு, பாதி கறுப்பாக இருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை. மன்னி பாடகி, மயிலாப்பூர் சபாக்களில் மதியக் கச்சேரி செய்பவள். தொண்டை லேசாகக் கரகரத்தாலும் அதைப் போட்டுக்கொள்வாள், கரகரப்பு போனதும் நிறுத்திவிடுவாள். "சரியாயிடுத்துன்னா அப்பறம் எதுக்குடா விஷத்தை முழுங்கணும்?" என்பாள். பக்கவாத்தியக்காரர்களும் அப்படித்தான். சீசனில் உடம்பு சரியில்லை என்று கச்சேரியை விட்டால் மறு வருஷம் சபாக்காரர்கள் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது.

குளத்தருகே இருந்த மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்டதே இல்லை. "இன்னா மாமி, சீசன் வந்துடுச்சா? நாலு குடுக்கட்டா?" என்று அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். மன்னி சிரிப்பாள். "சுருதி அஞ்சு கட்டை, மாத்திரை நாலு போறும்."

போன தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு ஒழுங்காகச் சேர்ந்தது. அதன் பிறகு வந்த காய்ச்சல்தான் இறங்கவில்லை. அறுவை சிகிச்சையின்போது சிறுநீர் வடிய வைத்த குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது.

"கிளெப்சியெல்லான்னு பேரு சார். நம்ம எல்லார் குடல்லயும் சும்மா இருக்கறதுதான். உடம்பு தளர்ந்தா வேலையைக் காட்டும்" என்றார் டாக்டர். "இவங்களோடது வழக்கமான எந்த மருந்துக்கும் மசியலை."

"எங்கேர்ந்து வந்தது?"

"வீட்லேர்ந்தும் இருக்கலாம். இங்கேர்ந்தும் இருக்கலாம்."

எவ்வளவு வசதியான பதில்! தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு அந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை, கண்டபடி போட்டுப் போட்டுத்தான் குடலில் இருக்கும் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன என்றும் அவரே சொன்னார். அப்படியானால் இத்தனை வருஷம் அதை மிட்டாய் போல விற்றது யார்? விற்கவிட்டது யார்? அன்று பிற்பகல் வார்டு ஊழியர் ஒருவர் பக்கத்துக் கட்டில்காரரின் சிறுநீர்ப் பையைக் காலி செய்த அதே கையுறையோடு மன்னியின் குழாயைத் தொட்டார். கையுறையை மாற்றச் சொன்னேன். "சார் இன்னா டாக்டரா? ஓரமா நில்லு சார்" என்றார். வெளிநாட்டிலிருக்கும் மன்னியின் பிள்ளை போனில் சொன்னான்: அவன் ஊர் மருத்துவமனையில், நம் ஊரில் சிகிச்சை பெற்று வருகிறவர்களைத் தனியறையில் வைத்துச் சோதித்த பிறகுதான் வார்டுக்குள் விடுவார்களாம். அப்படியும் இந்தக் கிருமி அங்கேயும் பரவிவிட்டதாம். அங்கே அதற்குப் பயப்படவாவது செய்கிறார்கள்.

கடைசியாக மிச்சமிருந்த ஒரு மருந்து கிருமியை விட்டுவிட்டு மன்னியின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மூச்சு திணறியதும் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அந்தத் தொண்டையில்! அவள் என்னைப் பார்த்து உதடசைத்தாள். சத்தம் வரவில்லை.

ஒரு காலை டாக்டர் வெளியே வந்தார். "ஹார்ட் நின்னுடுச்சு சார்."

"எல்லாருக்கும் கடைசியில அதுதானே நிக்கும்? எதனால நின்னுதுன்னு சொல்லுங்கோ."

அவர் அண்ணாவைப் பார்த்தார். "விடுடா, அவ விதி" என்றார் அண்ணா.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், பாடகர்களும் மிருதங்கக்காரர்களும் சபாக்காரர்களும், "ஹார்ட்டாமே?" என்று கேட்டார்கள். அண்ணா தலையாட்டிக்கொண்டே இருந்தார். என்னால் முடியவில்லை. "ஹார்ட் இல்லை" என்றேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசுடா" என்றார் அண்ணா.

கிருமியின் பெயரை இன்னும் உரக்கச் சொன்னேன்.