ஏழாம் நம்பர் பூட்ஸ்

2000 ஜூலையில் மனோகரனுக்குப் பதினைந்து வயது, கால் அளவு ஏழு. அவன் அம்மா கருப்பம்மாவுக்கும் ஏழுதான்.

நீலகிரியில் தேவாலா பக்கம் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்து வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். தேயிலை விலை விழுந்து எஸ்டேட் வேலை பாதியாகிவிட, மீதி நாட்களில் கருப்பம்மா சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்குக் கொழுந்து பறிக்கப் போனார்.

மனோகரன் படித்த பள்ளியில் யார் எதில் சேரலாம் என்பதை பஸ் நேரம்தான் தீர்மானித்தது. கைப்பந்தும் நாடகமும் கடைசி மணிக்குப் பிறகு. அதற்கு நின்றால் எஸ்டேட் பஸ் போய்விடும். அதனால் அவை பஜார் பிள்ளைகளுக்கு. எஸ்டேட் பிள்ளைகளுக்கு மிஞ்சியது சனிக்கிழமை காலை என்.சி.சி. அதையும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பரீட்சையில் மார்க் வராத எதுவும் பத்தாம் வகுப்பில் வெட்டிவேலை. ஆனால் அணிவகுப்பு முடிந்ததும் பூரியும் முட்டையும் உண்டு.

"பூரிக்குத்தான்டா நிக்கிறேன்," என்பான் பக்கத்து லயத்துக் கணேசன். "போலீசு கீலீசெல்லாம் நீயே வச்சுக்க."

போலீஸ் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்று சொல்லித்தான் மனோகரனும் அம்மாவிடம் சம்மதம் வாங்கியிருந்தான். ஆனால் அவனுக்கு அது பிடித்தும் இருந்தது. நேராக நிற்கச் சொல்லி அவன் 'சாவ்தான்' என்று குரல் கொடுத்தால் மைதானத்தில் அத்தனை கால்களும் ஒன்றாக விழும். கணேசன் கேலி செய்வான் என்பதால் இதை வெளியே சொன்னதில்லை.

சான்றிதழ்த் தேர்வு எழுத, கோவையில் நடக்கும் முகாமுக்குப் போயாக வேண்டும். பள்ளிக்கு ஆறே இடம். பயிற்சி ஆசிரியர் லிங்கசாமி முதலில் சொன்ன பெயர் மனோகரன். கணேசனுக்கு இடமில்லை.

அந்த மழையில் தோட்டமெங்கும் அட்டை. செருப்போடு போன கருப்பம்மாவின் காலில் கடித்த இடமெல்லாம் சீழ் வைத்தது. என்.சி.சி.க்காகப் பள்ளியில் கொடுத்த பூட்ஸை எடுத்துக் கொடுத்தவன் மனோகரன்தான்.

"சனிக்கிழமைக்கு எனக்கு வந்துட்டாப் போதும்மா."

அவர் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டார். அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசுவதுபோலவே, பூட்ஸிலும் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். மாலையில் கழுவி, அடுப்போரம் காயவைத்தார். சுண்ணாம்பும் சூடும் சேர்ந்து தோலை வெடிக்கவைத்தன. வெடிப்புகளில் மனோகரன் பாலிஷை அடைத்தான்.

முகாமுக்கு முந்தைய சனிக்கிழமை சோதனை அணிவகுப்பு. மனோகரனே கட்டளையிட்டான், அவனே காலை ஓங்கி வைத்தான். வலது பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. வரிசை சிரித்தது.

"அரசாங்கப் பொருள்டா இது," என்றார் லிங்கசாமி. "எங்க போட்டுட்டுத் திரிஞ்ச?"

"தேயிலைக்கு, சார்."

யார் போட்டது என்று அவன் சொல்லவில்லை. வேறு ஜோடி கிடையாது, பூட்ஸ் இல்லாதவனை முகாமில் சேர்க்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, லிங்கசாமி கணேசன் பக்கம் திரும்பி வருகிறாயா என்று கேட்டார்.

"அங்க சாப்பாடு எப்பிடிங்க சார்?" என்றான் கணேசன். மறுபடி சிரிப்பு.

விஷயத்தைக் கேட்ட கருப்பம்மா பூட்ஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு பூசாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

கிழிந்த பூட்ஸைப் பள்ளி திரும்ப வாங்கவில்லை. கருப்பம்மா அதைச் சணலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கணேசன் முகாமுக்குப் போனான், சான்றிதழும் வாங்கினான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து மனோகரன் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனான், செருப்போடு.