எங்கள் ஜீப்பின் டெயில் லைட்

குன்னூர் கீழ் பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது. அங்கே யாரும் முழு வண்டியைக் கொண்டுவந்து காட்ட மாட்டார்கள். உடைந்த கண்ணாடிச் சில்லையோ பாதி ஒடிந்த கொக்கியையோ செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இது ஒண்ணு வேணுமுங்க" என்பார்கள். எந்த வண்டிக்கு என்று கேட்டால், "பச்சை வண்டிக்குங்க" என்று பதில் வரும். மிச்சத்தை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்தபோது எனக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து, விரல்நீளச் சில்லைப் பார்த்தே இது ஜிப்ஸியின் முன் இண்டிகேட்டர், இது அம்பாசடரின் பின்கண்ணாடி என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனால் நான் சொன்னால் எவரும் நம்புவதில்லை. என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமனாரிடம், "ஏனுங்க, சரிதானுங்களா?" என்று கேட்பார்கள். அவர் சில்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் சொன்னதையே சொல்வார். வந்தவர் நிம்மதியாகப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாயங்காலம் கடை அடைத்ததும் என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் வீடியோ கேம் ஆடுவார். துப்பாக்கியும் துரத்தலுமான ஆட்டங்கள். பக்கத்தில் பீன்ஸ் அரிந்துகொண்டிருக்கும் எனக்கு, யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதில் அக்கறை கிடையாது. ஓரமாக நிறுத்தியிருக்கும் வண்டிகள்தான் கண்ணில் படும்.

"ஏனுங்க, அந்தக் காருக்குப் பின்னாடி போங்க."

"அம்மிணி, என்னைச் சுட வர்றானுங்க!"

"சுட்டாச் சுடட்டும். டெயில் லைட்டைப் பாக்கோணும்."

பாவம், அந்த மனுஷர் என் டெயில் லைட்டுகளுக்காகப் பல முறை உயிரை விட்டிருக்கிறார்.

கேம் செய்கிறவர்கள் வண்டிகளின் உண்மைப் பெயரைப் போடுவதில்லை. அனுமதி வாங்க வேண்டும் என்பதால் ஒரு வண்டியின் மூக்கையும் இன்னொன்றின் முதுகையும் ஒட்டவைத்து, ஏதோ ஒரு பெயர் சூட்டிவிடுவார்கள். அந்த ஒட்டுவேலையைப் பிரித்து, இது நிஜத்தில் இன்ன வண்டி என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கமே இருக்கிறது. பல நாட்டுக்காரர்களும் கூடும் இடம். நான் அதில் சேர்ந்தேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்பவர் ஒரு குளிர்நாட்டுக்காரர். ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்கு மனதுக்குள் ஜட்ஜ் ஐயா என்று பெயர் வைத்திருந்தேன். நிஜ வண்டியின் போட்டோவைக் கொடுத்தால்தான் தீர்ப்பு. இல்லாவிட்டால் பட்டியலில் அந்த வண்டிக்கு நேரே கேள்விக்குறிதான்.

என் கஷ்டம் அங்கேதான். வெலிங்டன் பட்டாள முகாம் பக்கத்திலேயே இருப்பதால் பட்டாளத்து வண்டிகளில் நான் பார்க்காத ரகமில்லை. பாதி லாரிகளைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் படம் எடுக்க முடியாது. பட்டாளத்து வண்டியைப் போனில் பிடித்து முகம் தெரியாத வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினால், அப்புறம் என்னைக் கடையில் தேட வேண்டியிருக்காது. அதை அவருக்கு எழுதினேன். அவரும் சீருடை போட்டவர் அல்லவா, புரிந்துகொண்டார். நான் சொன்னதையெல்லாம் தன்னிடமிருந்த புத்தகங்களில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பாக இல்லை. ஒருநாள், "இனிமேல் உங்களிடம் போட்டோ கேட்க மாட்டேன். நீங்கள் சொன்னால் போதும்" என்று எழுதினார்.

அதை வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். நான் சொன்னால் போதும் என்று இந்த உலகத்தில் எழுதிக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். எதை விட்டாலும் விடுவேன், அதை விடுவதாக இல்லை.

பிறகுதான் அந்த ஜீப் வந்தது. புதிதாக வந்திருந்த ஒரு கேமில் மலைப்பாதை, பச்சைச் சரிவு, அதில் ஒரு பழைய ஜீப். நம் நாட்டில் செய்த ஜீப் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். சின்னதாக, வட்டமாக இரண்டு விளக்குகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் எஸ்டேட் ஜீப் எதிலாவது வட்ட விளக்கு உண்டா? நீள்சதுரமாக, பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக அல்லவா இருக்கும்? நாளுக்குப் பத்து ஜீப்பின் முதுகைப் பார்ப்பவள் நான். "இது எங்கள் ஜீப் இல்லை. இதன் வெளிநாட்டு மூதாதை" என்று அடித்துச் சொன்னேன்.

ஜட்ஜ் ஐயா மறுநாள் ஒரு படம் போட்டார். எங்கள் நாட்டு ஜீப்பின் பழைய விளம்பரத்தாள். பின்னால் சின்ன வட்ட விளக்குகள். கீழே பணிவாக ஒரு வரி: "இதைப் பார்த்தீர்களா?"

எனக்கு முகம் சுட்டது. நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லுமுன் எங்கள் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தவறுதலாக மாற்றிக் கொடுத்த சாமானை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், எங்கள் வீட்டு ஆண்கள் கண் இமைக்காமல், "கம்பெனிக்காரன் டிசைனை மாத்திட்டானுங்க" என்பார்கள். கடை திறந்த நாளிலிருந்து நாங்கள் ஒரு தப்பும் செய்ததில்லை, செய்ததெல்லாம் கம்பெனிக்காரன்தான். அந்த வரி என் கையிலும் தானாக வந்தது. "அது விளம்பரத்துக்குப் படம் எடுத்த மாதிரி வண்டி. விற்பனைக்கு வந்ததில் தொழிற்சாலையிலேயே நீள்சதுர விளக்காக மாற்றிவிட்டார்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அப்படி மாற்றினார்களா என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. "நீங்கள் அந்த வண்டிகளுக்கு நடுவில் வாழ்கிறவர். நீங்கள் சொன்னால் போதும். மாற்றிவிட்டேன்." விளம்பரத்தாளை எடுத்துவிட்டு என் வரியைப் போட்டிருந்தார்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் இந்தத் தடவை அதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டவில்லை.

அந்த வாரமே, தேயிலை ஏல வேலையாகக் குன்னூர் வந்த கூடலூர் பக்கத்து ஓவேலிக்காரர் ஒருவர் ஃபேன் பெல்ட் வாங்கக் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தினார். அதே நீள்சதுர விளக்கு. நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"எந்தா சேச்சி, நல்லா எரியற லைட்டை எதுக்குக் கழட்டறீங்க?" என்று மலையாளம் கலந்த தமிழில் அவர் பதறினார்.

"ஒரு நிமிஷமுங்க. அப்படியே மாட்டிக் குடுத்தர்றேன்."

விளக்கு கையோடு வந்தது. அதன் அடியில், வெயிலும் மழையும் படாத பச்சைப் பெயிண்டில் சின்னதாக ஒரு வட்ட அச்சு. நடுவில் பழைய ஒயர் போன ஓட்டை. அதற்கு மேலும் கீழும் அவசரத்தில் டிரில் போட்ட இரண்டு துளைகள்.

மாமனார் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அதென்னம்மா பாக்கறே? நாந்தான் போட்டேன். கம்பெனி லைட்டு பொடிசு. கூடலூர் இறக்கத்துல மிஸ்ட் வந்துட்டா பின்னால வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. டிராக்டர் லைட்டை வாங்கி மாட்டிவுட்டேன். ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் வந்தான். இந்தப் பக்கம் ஓடற ஜீப் அத்தனையும் நம்ம லைட்டுதான்."

நான் தெருவில் குந்தியபடியே இருந்தேன். இத்தனை வருஷமாக நான் ஜீப்பைப் பார்க்கவே இல்லை. எங்கள் கடையில் விற்ற விளக்கைப் பார்த்து அதுதான் ஜீப் என்று சத்தியம் செய்திருக்கிறேன். உலகத்திலேயே வேறு எவருக்கும் இப்படி ஒரு தப்பு வாய்க்காது.

"மாமா, தொழிற்சாலையிலயே மாத்துனாங்கன்னு நான் ஒருத்தருக்கு எழுதிப்போட்டனுங்க."

"எழுதுனா என்னம்மா? எவன் வந்து கழட்டிப் பாக்கப் போறான்?"

அதுதான் விஷயம். ஜட்ஜ் ஐயா கழற்றிப் பார்க்க மாட்டார். நான் சொன்னால் போதும் என்று இருக்கிறார். விளக்கைத் திரும்ப மாட்டும்போது ஸ்குரூவைத் தப்பான துளையில் வைத்துத் திருகினேன். அவமானமாக இருந்தது, அந்த ஆளிடம் போய் இதைச் செய்தேனே என்று அழுகையும் வந்தது. ஓவேலிக்காரர் பாவம் பார்த்து, "பரவாயில்லை சேச்சி, நான் மாட்டிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே ஜட்ஜ் ஐயாவுக்கு எழுதினேன். விளக்கு எங்கள் மாமனார் மாட்டியது, விளம்பரத்தாள்தான் சரி, அது எங்கள் ஜீப்பேதான். தப்பாகச் சொன்னது தெரியாத்தனம். ஆனால் தொழிற்சாலையில் மாற்றினார்கள் என்றது பொய், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். இந்தக் கடைசி வரியை மூன்று முறை அழித்து, மூன்று முறை திரும்ப எழுதினேன்.

"சொன்னதற்கு நன்றி" என்று பதில் போட்டார். விளம்பரத்தாள் பழைய இடத்துக்குத் திரும்பியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் வேறொரு கேமில் ஒரு பட்டாளத்து லாரி வந்தது. பெட்டி வைத்தது போன்ற மூக்கில்லாத முகம், கூரையில் வட்ட மூடி. எங்கள் கடை வாசலைத் தாண்டி தினமும் வெலிங்டனுக்கு ஏறும் லாரி அது. இந்தத் தடவை தப்பாகப் போக வழியே இல்லை, ஏனென்றால் எங்கள் கடை விளக்கு எதுவும் அதில் ஏறியதில்லை. பெயரும் ரகமும் போட்டு அனுப்பினேன்.

பதில் ஒரே வரியில் வந்தது. "போட்டோ இருக்கிறதா?"

இல்லை. இருக்கவும் போவதில்லை, அது அவருக்கும் தெரியும்.

பட்டியலில் அந்த லாரிக்கு நேரே இன்றைக்கும் கேள்விக்குறிதான். உண்மையைச் சொன்னாயே என்று அவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் மனத்தாங்கல் இருந்தது. அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் என்னிடம் என்ன கேட்டிருப்பேன் என்று பிறகு யோசித்தேன். போட்டோதான் கேட்டிருப்பேன்.