முள் நூற்றுமுப்பதைத் தொட்டால்

பாக்தாத்தில் ஜூலை மாத நண்பகலில் பாலத்தின் மேல் வண்டியோடு நிற்பவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். கஸ்வானுக்கு வந்தது. ஏதோ ஓர் அமைச்சர் போகிறாராம், இருபது நிமிடமாகச் சாலையை மூடி வைத்திருந்தார்கள். முன்னால் ஆயிரம் கார்கள், அத்தனையும் ஏசி ஓட்டி அனல் கக்கின. நடுவில், வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கபாப் பெட்டியைக் கட்டிய இவனுடைய நூற்றைம்பது சிசி பைக். ஓடினால்தான் அதன் இன்ஜினுக்குக் காற்று. நின்றால் எண்ணெய் கொதிக்கும்.

எண்ணெய் மூடிக்குப் பதிலாக அவன் திருகியிருந்த வட்டமான வெப்பமானியில் முள் நூற்றுமுப்பதைத் தொட்டது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இறங்கிக் கார்களுக்கு நடுவே தள்ளத் தொடங்கினான்.

"என்ன அபூ தமீம், கழுதையைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று, மகன் பெயரோடு சேர்த்து அவனை அழைத்து, தெரிந்த டாக்சிக்காரன் ஒருவன் கத்தினான்.

"உன் காருக்கு விசிறி இருக்கு, வாயை மூடு!"

கைபேசி அலறியது. கிடங்கிலிருந்து மேலாளர் லுவாய். வரைபடத்தில் வண்டியின் புள்ளி நகரவில்லை என்றால் அந்த ஆளுக்குத் தூக்கம் வராது.

"என்னய்யா, நிழல்ல படுத்திருக்கியா? ஓட்டு!"

"எண்ணெய் சூடாயிடுச்சு. ஆறட்டும்."

"இன்ஜினுக்குச் சொல்லு, வாடிக்கையாளர் பசியா இருக்காருன்னு!"

போன ஜூலையில் இதே பாலத்தில், இதே குரல்தான் "ஓட்டு, ஓட்டு" என்றது. கஸ்வான் ஓட்டினான். எண்ணெய் தண்ணீராக நீர்த்துப் போய், பிஸ்டன் கவ்விப் பிடித்து, இன்ஜினே போய்விட்டது. நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்தான். லுவாய் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இன்னொரு முறை இன்ஜின் போனால் அவன் கதை முடிந்தது. அந்தக் கடுப்பு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

பாலம் இறங்கியதும் நிழற்குடையின் கீழ் ஒரு பெரியவர், வெயில் தாளாதவர்களுக்கெல்லாம் பனிக்கட்டித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்காமலேயே கொடுப்பது இந்த ஊர் வழக்கம். தள்ளிக்கொண்டு வந்தவனைப் பார்த்ததும் இரக்கம் பொங்கி, வாளியோடு ஓடி வந்தார்.

"பாவம், வண்டி புகையுதே! குளிரட்டும்!" வாளி இன்ஜினுக்கு மேலே சாய்ந்தது.

"ஐயோ ஹாஜி, வேணாம்!"

சுட்ட இரும்பின் மேல் பனித்தண்ணீர் பட்டால் விரிசல் விடும். கஸ்வான் பாய்ந்து, வாளிக்கும் இன்ஜினுக்கும் நடுவே முதுகைக் கொடுத்தான். வாளித் தண்ணீர் முழுவதும் அவன் மேலேயே கொட்டியது. இரண்டு துளி மட்டும் இன்ஜினில் பட்டுச் சீறின.

"நல்லது செய்ய வந்தேன், இப்படிக் கத்துறியே!" பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நல்லது செய்றதா? கொன்னுருப்பீங்க அதை! எனக்கு ஊத்துங்க, அதுக்கு வேணாம்!"

நனைந்தபடியே குனிந்து பார்த்தான். விரிசல் இல்லை. மெல்ல மெல்ல முள் தொண்ணூறுக்கு இறங்கியது.

கைபேசி மீண்டும் அலறியது. "ஆர்டர் ரத்து. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றார் லுவாய்.

கஸ்வான் நிதானமாகவே பேசினான். "போன வருஷம் உங்க பேச்சைக் கேட்டேன், இன்ஜின் போச்சு. இந்த வருஷம் இன்ஜின் பேச்சைக் கேட்டேன், நீங்க போனீங்க. லாபம் எனக்குத்தான்."

கைபேசியை அணைத்துவிட்டுக் கபாப் பெட்டியைத் திறந்தான். "சாப்பிடுங்க ஹாஜி. இனி இதுக்கு ஆளில்ல," என்று முதல் ரொட்டியைப் பெரியவரிடம் நீட்டினான்.