மூச்சு மாத்திரை

அப்பாவுக்கு முதலில் வந்தது குளிர் நடுக்கம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்சாலைத் தூசிக்குள் பல வருடம் வேலை செய்தவர். நுரையீரல் கெட்டு, தியோபிலின் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) சாப்பிட்டு வந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. மூச்சு மாத்திரை என்போம்.

“சோறு இல்லன்னாலும் இருந்துடுவேன், மூச்சு மாத்திர இல்லாம முடியாது” என்பார்.

“சோத்த மட்டும் எங்க வுட்டுக் குடுத்தீங்க” என்பாள் அம்மா.

காய்ச்சலோடு வாந்தி, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. இரைக்கவும் தொடங்கியது. மூச்சு வாங்கினால் எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அம்மா ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்தாள். விடிந்ததும் அப்பாவுக்கு வலிப்பு வந்தது.

மருத்துவமனையில், ரத்தத்தில் மருந்தின் அளவு மிக அதிகம் என்றார் டாக்டர். சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளும் ரத்தத்தில் கலந்திருந்தன. அவற்றின் மேலுறையிலிருந்து கழன்று வருவது எண்டோடாக்சின் (கிருமி நஞ்சு). உடல் அதோடு போராடும்போது, மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் மந்தமாகின்றன. சிறுநீரகமும் தளர்கிறது. வழக்கமாகச் சாப்பிடும் அளவு மருந்தே வெளியேறாமல் தேங்கிவிடும்.

நான் செராமிக் டிப்ளமோ படித்தவள். சூளையைக் கவனிப்பது என் வேலை. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் அதே நெருப்பு என்ன செய்யும் என்று தெரியும். எனக்குச் சட்டென்று புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை.

“தெனமும் போடுற மாத்திரதானேங்க” என்றாள் டாக்டரிடம்.

“மாத்திர அதேதாம்மா. காய்ச்சல் வந்த உடம்பு அதே உடம்பு இல்ல” என்றார் அவர்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: “பேர மூச்சுன்னு வெச்சா, எவ குடுக்காம இருப்பா?”

உங்கள் வீட்டில் நாள்பட்ட நோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: மாத்திரைகளின் உண்மையான பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம், சிறுநீர் குறைந்திருக்கிறதா என்பது. நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

அப்பா பிழைத்தார். இப்போது வேறு மருந்து. ஆனால் அந்த வலிப்பில் ஏதோ போய்விட்டது; பெயர்கள் உடனே வருவதில்லை. அவர் உடம்புக்குள் நேரம் எங்கள் கடிகாரப்படி ஓடுவதில்லை.

வேலை முடிந்து நான் உள்ளே வரும்போது நிமிர்ந்து பார்ப்பார். உதடு அசையும். என் பெயரை எடுத்துக்கொடுக்க அம்மா வாய் திறப்பாள். பிறகு கொடுக்காமல் மூடிக்கொள்வாள். மூவரும் காத்திருப்போம்.