டுர்ர் மாமாவின் புதுக் கேபிள்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டுர்ர் மாமா. காலையில் காரைக் கிளப்பினால், பள்ளி வாசலில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிடும்வரை இன்ஜினை நிறுத்தவே மாட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தப் பழைய கார் டுர்ர்ரென்று உறுமிக்கொண்டே நிற்கும். ஒரு பிள்ளைக்கு ஷூ கிடைக்காது, இன்னொன்றுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் வயிற்றைக் கலக்கும். எவ்வளவு நேரமானாலும் மனிதரின் கை சாவி மேல் போகாது. பெட்ரோல் பங்கில் மட்டும் வேறு வழியில்லாமல் நிறுத்துவார், அதுவும் அங்கே பெட்ரோல் அடிக்கும் பெண் நாலு சத்தம் போட்ட பிறகு.

"ஏண்ணே, உங்க வண்டி என்ன ஐசியூவிலயா இருக்கு? ஆஃப் பண்ணா செத்தா போயிடும்?"

அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு சரி. ஏனென்றால் ஒருமுறை அது செத்துத்தான் போயிற்று.

ரயில் பாலத்துக்கு அடியில் இறங்கி ஏறுகிற பாதை. நல்ல மழை, முன்னால் நெரிசல். பெட்ரோல் வீணாகிறதே என்று இன்ஜினை நிறுத்தினார். வழி விட்டதும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடியும் டக். தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து சீட்டைத் தொட்டபோது பின்னாலிருந்து பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும். அதில் அவர் மகளின் குரலும் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக் கரையேற்றினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த 'டக்' அவர் காதுக்குள் குடியேறிவிட்டது. சோறு பிசையும்போது கேட்கும். சட்டைக்குப் பொத்தான் போடும்போது கேட்கும்.

அதன் பிறகுதான் டுர்ர் மாமா ஆனார்.

"இந்த வண்டி ஓடுறதுக்குப் பெட்ரோல் குடிக்கல, சும்மா நிக்கிறதுக்குத்தான் குடிக்குது," என்று மனைவி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அந்த நச்சரிப்பும் இந்தப் பயமும் சேர்ந்துதான் அவரைக் கார் சாமான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயின. கடைக்காரர் வாய்ச்சொல்லில் கெட்டிக்காரர். கட்டைவிரல் பருமனில் ஒரு சிவப்புக் கேபிளை எடுத்து மேசைமேல் போட்டார்.

"பழைய கேபிள்ல கரண்டு பாதி வழியிலேயே களைச்சுப் போயிடுது சார். இதைப் போட்டுப் பாருங்க. தொட்டா ஸ்டார்ட்டு. பிக்கப் ஏறும், மைலேஜ் ஏறும், அப்புறம் என்னைத் தேடி வந்து நீங்களே சொல்வீங்க."

மைலேஜ் யாருக்கு வேண்டும்? தொட்டா ஸ்டார்ட்டு என்ற அந்த ஒரு வார்த்தைக்கே அவர் விழுந்துவிட்டார். மாட்டிக் கொடுக்கும் ஆள் அன்று லீவு. இதென்ன பெரிய வித்தை என்று வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து தானே மாட்டினார். கேபிள் கொஞ்சம் நீளம். வெட்ட மனசு வரவில்லை. மிச்சத்தை மடக்கி, பேட்டரிக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அமுக்கித் திணித்து மூடினார். அடடா, இவ்வளவு நாளும் பயந்து பயந்து ஓட்டிய மனுஷன், பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயப்படாமல் போனாரே!

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அணைத்தார், திருப்பினார், பிடித்தது. மறுபடி மறுபடி செய்து பார்த்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

மறுநாள் முதல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தைரியமாக இன்ஜினை நிறுத்தினார். மைலேஜும் ஏறியது, நிஜமாகவே ஏறியது! பங்குக்குப் போவது குறைந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம், "கேபிளை மாத்துங்க, அப்புறம் பாருங்க," என்று பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார். "பேட்டரி கேபிளுக்கும் பெட்ரோலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று மனைவி கேட்டதற்கு, "உனக்குப் புரியாது," என்று சொல்லிவிட்டார். அவருக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஒரு மழைக் காலை. கார் நிறையப் பிள்ளைகள், முன் சீட்டில் மகள். அதே பாலத்துக்கு இறங்கும் சரிவில், முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கி நின்றன.

"அப்பா, ஏதோ கருகுது."

"முன்னால நிக்கிற லாரிம்மா."

சொல்லிக்கொண்டே கண்ணாடியை இறக்கி வெளியே மோந்து பார்த்தார். நாற்றம் காருக்குள்ளிருந்துதான் வந்தது. நிறுத்தினால் மறுபடி கிளம்புமா? நிறுத்தாவிட்டால்? சரிவின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. பானெட் இடுக்கிலிருந்து முதல் புகை எழும்பியதும் சாவியைத் திருப்பி வெளியே பிடுங்கினார். இன்ஜின் அடங்கியது. புகை அடங்கவில்லை. இன்னும் கறுப்பாக, இன்னும் திரண்டு வந்தது. சாவி அவர் கையில் இருக்கிறது, கார் பாட்டுக்கு எரிகிறது! இது எப்படி என்று நினைக்கக்கூட அவருக்கு மூளை ஓடவில்லை.

பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. பிள்ளைகள் விளையாட்டாகத் திறந்துவிடக் கூடாதென்று அவர்தான் பூட்டு வைத்திருந்தார். மகளை இறங்கச் சொல்லிவிட்டு, தானும் இறங்கி ஓடி வெளியிலிருந்து திறந்தார். ஒவ்வொன்றாக இழுத்து நடைபாதைக்குத் தள்ளினார். எல்லாவற்றிலும் குட்டி ஒன்று, சீட்டுக்கு அடியில் உருண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தது. "பாட்டில் மாமா, என் பாட்டில்!" காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

பின்னால் நின்ற பஸ் டிரைவர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார். "பேட்டரியைக் கழட்டுங்க, பேட்டரியை!" என்று கத்தியபடியே பானெட்டைத் தூக்கிப் பொடியை அடித்தார். சிவப்பு உறை தேய்ந்து கிழிந்து, உள்ளிருந்த செம்புக் கம்பி இரும்புச் சட்டத்தில் ஒட்டிப் பொறி கக்கிக்கொண்டிருந்தது. டுர்ர் மாமா ஸ்பானரை வைத்துப் பேட்டரியின் மறுமுனையைக் கழற்றினார். உள்ளங்கைத் தோல் வெந்தது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஊரே மெக்கானிக் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் பட்டறைக்குக் கார் போனது. அவள் கருகிய கேபிளை இடுக்கியால் தூக்கிப் பார்த்தாள்.

"சாவி இந்தக் கேபிளைத் தடுக்காதுண்ணே. பேட்டரியில இருந்து நேரா ஸ்டார்ட் பண்ற மோட்டாருக்குப் போறது இது. சட்டத்துல உரசினா தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஆமா, பழைய கேபிளுக்கு என்ன கேடு வந்துச்சு?"

வீட்டு மூலையில் கிடந்த பழைய கேபிளை அவர் கொண்டுபோயிருந்தார். அவள் திருப்பிப் பார்த்தாள். முனை முழுக்கப் பச்சையாகத் துரு பூத்திருந்தது.

"இதைச் சுரண்டித் துடைச்சு இறுக்கி மாட்டியிருந்தா போதும். அன்னைக்குப் பாலத்தடியில வண்டி நின்னது இதனாலதான்."

"ஆனா மைலேஜ் ஏறுச்சேம்மா. நான் பொய் சொல்லல."

"கேபிள் போட்டதும் வேற என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல. வீட்டு வாசல்ல வண்டிய ஆஃப் பண்ண ஆரம்பிச்சேன், அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. அவர் தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கார் சரியாகித் திரும்பிய முதல் காலை, பிள்ளைகளை யாராவது அனுப்புவார்களா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. இனி அனுப்பாவிட்டால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அனுப்பினாலோ, அது அதைவிடப் பயமாக இருந்தது. முதல் வீட்டில் பழையபடி இன்ஜினை ஓடவிட்டே காரை நிறுத்தினார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா கேட்டருகில் நின்றாள். இருவரின் கைகளையும் விடாமல் பிடித்திருந்தாள்.

"உங்களை நம்பாம இல்லண்ணே. இன்ஜின் ஓடுற வண்டியில ஏத்த மனசு வரல. ஆஃப் பண்ணிடுங்களேன்."

அவர் அணைத்தார். பிள்ளைகள் ஏறின. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சாவியைப் பிடித்தார். கட்டுப் போட்ட கை அதைத் திருப்பவில்லை. காதுக்குள் டக், டக்.

"அப்பா," என்றாள் மகள் மெல்ல. "நாங்க இறங்கி அந்தச் சுவரோரமா நின்னுக்கறோம். நீங்க மட்டும் உள்ள இருந்து ஸ்டார்ட் பண்ணுங்க."

திரும்பிப் பார்த்தார். தினமும் கண்ணாடியில் பார்க்கும் அவருடைய பயந்த முகமே அங்கே சின்னதாக உட்கார்ந்திருந்தது. அதட்ட வாயெடுத்தவர் சாவியை விட்டார். இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டார்.

சுவரோரமாகப் பிள்ளைகள் வரிசையாக நின்றன. அவர் தனியாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. "டுர்ர்ர்!" என்று இரட்டைகள் கைதட்டி ஓடிவந்து ஏறின. மகள் மட்டும் வரவில்லை. பானெட் பக்கம் போய்க் குனிந்து, மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். பிறகுதான் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.